கஜந்தினி போய்வந்த நாடு

பக்கத்து வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போனால் களைத்துப்போவது நான்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பார்சல் வந்தால் வாங்கி வைக்க வேண்டும், எங்கே போயிருக்கிறார் என்று தெருவுக்கு விளக்கமும் சொல்ல வேண்டும்.

போன தை மாதம் கஜந்தினி போனது எக்குவடோரியல் கினிக்கு. லண்டன் லூயிஷாமில் எனக்கு அடுத்த கதவு அவள். மருந்துக்கடையில் வேலை, தாய் தகப்பன் இல்லை. ஆபிரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிற நாடு ஒன்று இருக்கிறதென்று நான் சிவன் கோவிலில் சொன்னபோது, கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களே கையை இறக்கிவிட்டார்கள். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை ஐயருக்குத் தேர்த் திருவிழாவிலும் கிடைத்திராது.

வந்ததும் வராததுமாக என் சோபாவில் கால்மடக்கி உட்கார்ந்து படம் காட்டினாள். ஸ்பானியர் கட்டிய பலகணி வீடுகள், கருமணல் கடற்கரை, கட்டில் அளவு ஆமை.

“கலா அக்கா, மழையெண்டால் வானம் பிச்சுக்கொண்டு ஊத்துது. ஆமை பார்க்கப் போய்ச் சேத்தில சறுக்கி விழுந்து, எழும்ப ஏலாமல் கிடந்து சிரிச்சனான்.”

நானும் சிரித்தேன், வயிறு நோக. பிறகு, “யதுசனுக்கு ஓம் சொல்லிப்போட்டன். உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்,” என்றாள்.

யதுசன் இருப்பது ரொறன்ரோவில். கலியாணம் முடிந்தால் அவளும் அங்கேதான். அவளுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் என்னோடு வானிலை மட்டும்தான் பேசினார்கள்.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசினால் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் விடமாட்டார்கள். யதுசனின் தாயார் எனக்குத்தான் போன் எடுத்தார்.

“பிள்ளை அங்க தனியவோ போனவ?”

“தனிய எண்டுதான் சொன்னவ, அக்கா.”

“அதென்ன நாடு? நாங்கள் கேள்விப்படவும் இல்லையே.”

“ஓம், தெரிஞ்ச சனம் ஒருத்தரும் இல்லாத இடம்.” அவர் கேட்காமலே மேலும் சொன்னேன்: “போகேக்க உடம்பாத்தான் இருந்தவ. வரேக்க நல்லா மெலிஞ்சு போனா. இப்ப பரவாயில்லை, நான் சரக்குத்தண்ணி வைச்சுக் குடுக்கிறன்.”

சரக்குத்தண்ணி பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பது. அவளுக்கு அங்கே வயிற்றோட்டம். மிளகும் மல்லியும் போட்டு ஏதோ காய்ச்சிக் கொடுத்தேன். பெயரில் ஒரு சின்னப் பிசகு, அவ்வளவுதான். கூட்டிக் கழித்துப் பார்த்தது அந்த அம்மா.

ஒரு கிழமைக்குள் யதுசன் விலகிவிட்டான். கஜந்தினி என் மடியில் விழுந்து அழுதாள்.

“ஆர் அக்கா என்னைப்பற்றி இப்பிடிச் சொல்லியிருப்பினம்?”

“சனம் பொல்லாதது, பிள்ளை,” என்றேன். அது உண்மைதானே.

இதற்கு முன் ஒரு பேர்மிங்காம் டாக்டர் பெண் கேட்டு வந்தார்; அவருடைய தமக்கையிடம் இவளுடைய தலையிடி மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அப்டன் பார்க் பொடியன் வீட்டார் கேட்டபோது ஒன்றுமே சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டேன். மூன்றையும் நான்தான் குழப்பினேன். மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது பிள்ளை தேறிவிட்டாள். அடுத்த தையில் திரும்பவும் அந்த நாட்டுக்குப் போகிறாளாம். “தனியப் போனால் சனம் கதை கட்டும், நானும் வாறன்,” என்றேன். கட்டிப்பிடித்து முத்தம் தந்தாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மழைக்கோட்டும் தடுப்பூசியும் ஆகிவிட்டன, ஸ்பானிஷில் பத்துவரை எண்ணுவேன்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தனியே விட எனக்கு மனம் வருவதில்லை.