மூன்றாம் சுற்றின் நேரம்

என் பெயரும் தந்தை பெயரும் நேற்று முன்தினம் மருத்துவமனையில் எழுதப்பட்ட முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே, அவற்றில் பிழையில்லை. வயது எழுபது என்று அதில் இருப்பதை எழுபத்தொன்று என்று திருத்திக்கொள்ளவும். முகவரி, தண்ணீர்த்தொட்டித் தெரு, பதினேழாம் எண், மாடி வீடு. மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகள் வெளியூரில் இருக்கிறாள். முப்பத்தாறு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன், எவர் வீட்டுக்கும் ஒரு யூனிட் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அது போக, குத்துச்சண்டைச் சங்கத்தில் நேரக்காப்பாளராக இருந்தேன், அதாவது கடிகாரம் பார்த்துச் சுற்று தொடங்கவும் முடியவும் மணி அடிக்கிறவன். இன்று காலை பத்து இருபதுக்கு, யாருடைய மிரட்டலும் இல்லாமல் நானாகவே காவல் நிலையம் வந்து இதைச் சொல்கிறேன். பத்து இருபது என்பது என் கைக்கடிகாரப்படி. இந்த நிலையத்தின் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது.

முதல் வாக்குமூலத்தில் வயதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அந்தப் பிழையால் சம்மட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிற அறுபத்தாறு வயது மனிதர் லாக்கப்பில் இருக்கிறார். அதைத் திருத்தத்தான் வந்தேன். வரிசையாகச் சொல்லுங்கள் என்று ஆய்வாளர் சொல்வதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், காலி செய்த ஒரு பஞ்சாலைக் கிடங்கில் மேடை போட்டு, சம்மட்டிக்கும் தீக்குச்சி என்ற இருபத்தொரு வயதுப் பையனுக்கும் போட்டி நடந்தது. தீக்குச்சி பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர், ஆள் ஒல்லி, கை நீளம். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். முதல் இரண்டு சுற்றுகளில் அவன் ஓடிக்கொண்டே குத்தினான், சம்மட்டிக்கு மூக்கு உடைந்தது. மூன்றாம் சுற்றில் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி ஆனதும், இன்னும் பத்து விநாடிதான் என்பதற்கு அடையாளமாக நான் மணிப் பலகையைச் சுத்தியல் காம்பால் தட்டினேன். அதன் பிறகு கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் சம்மட்டியின் இடது கை தீக்குச்சியின் விலாவுக்குக் கீழே இறங்கியது, அவன் கயிற்றில் சாய்ந்தான், அதன் பிறகு வலது கை தாடையில் விழுந்து அவனுடைய பல்காப்பு தெறித்து என் மேஜைமேல் வந்து விழுந்தது. எச்சிலும் ரத்தமுமாக இருந்தது. கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன்.

தீக்குச்சியின் புருவம் பிளந்து ஒரு கண் மூடிவிட்டது. முழங்கைகள் இரண்டும் மேல்கயிற்றில் மாட்டிக்கொண்டதால் அவனால் விழவும் முடியவில்லை. தலை இந்தப் பக்கம் போனால் இடது கை திருப்பியது, அந்தப் பக்கம் போனால் வலது கை திருப்பியது. நடுவர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்; மணிக்காகப் பார்த்திருக்கிறார். சுத்தியல் என் கையில்தான் இருந்தது. மணியைத் தாமதிக்கும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை, அந்தப் பையன்மேல் எனக்குப் பகையும் இல்லை. அவன் விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். “போடு, இன்னொண்ணு போடு” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கயிற்றிலிருந்து கை கழன்று அவன் முகம் குப்புற விழுந்தான், நடுவர் பத்து எண்ணினார், அதன் பிறகு நான் கடிகாரத்தை நிறுத்தினேன். அது காட்டிய நேரம் நான்கு நிமிடம் ஏழு விநாடி (திருத்தம்; ஒப்பம்).

பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டி நேரம் கேட்டார்கள். ‘மூன்றாம் சுற்று, 2 நிமிடம் 58 விநாடி, நாக் அவுட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தீக்குச்சி மூன்றாம் நாள் நினைவு திரும்பாமலே இறந்தான். அதன் பிறகு சம்மட்டி மேடை ஏறவில்லை, மரக்கடையில் சுமை தூக்கப் போனார். சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘எதிராளி இறந்தார்’ என்று ஒரு குறிப்பு ஏறியது. ஊரில் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் ‘கொலைகாரன்’ என்று கத்திவிட்டு ஓடும். ஒருமுறை மீட்டர் பார்க்க அவர் வீட்டுக்கே போனேன், தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

சென்ற பங்குனியில் கணக்கு டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவர். விடுமுறை நாட்களில் சங்கத்தின் பழைய பதிவுகளில் உள்ள பிழைகளைத் திருத்திக் கொடுக்கிறார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, இருவரும் உட்கார்ந்து நிறையப் பிழை பிடித்தோம். ஒரு வீரர் ஒரே மாலையில் நூறு மைல் தள்ளியிருக்கிற இரண்டு ஊர்களில் ஜெயித்திருந்தார். இன்னொருவர் இறந்து ஒன்றரை வருடம் கழித்துப் புள்ளிக்கணக்கில் ஜெயித்திருந்தார். விசாரித்தால், அண்ணனின் அட்டையைக் காட்டித் தம்பி சண்டை போட்டிருக்கிறான். “செத்தும் ஜெயிச்சவரு சார் இவரு, எப்படிப் பறிக்கிறது?” என்று டீச்சர் சிரித்தார், பறித்தும் விட்டார். அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு அவருக்கு அந்தப் போட்டியின் ஊமைப் படச்சுருள் ஒன்று கிடைத்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார். முதல் சுற்று அதில் மூன்று நிமிடம் ஓடுகிறது, இரண்டாம் சுற்றும் மூன்று நிமிடம், மூன்றாம் சுற்று மட்டும் நான்கு நிமிடம் ஏழு விநாடி, நடுவே எங்கும் வெட்டு இல்லை. “மூணு நிமிஷத்துக்கு அப்புறம் முப்பத்தொரு அடி சார். அது எதுவும் போட்டியில சேராது. சம்மட்டி மேல இருக்கிற குறிப்பை எடுத்துடலாம், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்” என்றார். நடுவரும் மற்றவர்களும் இறந்துவிட்டதால், திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். படம் பழசு, வேகம் முன்னேபின்னே இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாவது முறை வந்தபோது தலைவலி என்றேன்.

நேற்று முன்தினம், பழைய மணியைச் சங்கத்தில் காட்சிக்கு வைக்கப் போவதாகச் சொல்லி டீச்சர் வரச் சொன்னார். பலகையோடு சேர்ந்து மூன்று கிலோ எடையுள்ள பித்தளை மணி அது. துணிப்பையில் போட்டுக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் போனேன். சங்கத்தின் அறை மாடியில் இருக்கிறது. இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேஜை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றில் சம்மட்டி உட்கார்ந்திருந்தார். அவர் வருவது எனக்குத் தெரியாது. டீச்சர் படத்தை ஓடவிட்டார். மூன்று நிமிடம் தாண்டியதும் ஒவ்வொரு அடிக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

சம்மட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, “மணி எங்கம்மா?” என்று கேட்டார். படத்தின் ஓரத்தில் ஒரு கை சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறது, கடைசி வரை அது இறங்கவில்லை. சம்மட்டி அந்த இடத்தில் விரல் வைத்து, “அண்ணே, இது நீங்கதானே?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தொலைந்துபோன பொருளைக் கண்டெடுத்தவர் மாதிரி மெதுவாகக் கேட்டார். எனக்கு வெறி வந்துவிட்டது.

பையிலிருந்து மணியைப் பலகையோடு எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் ஓங்கி இறக்கினேன். டீச்சர் குறுக்கே கை வைத்தார், அடி அவர் மணிக்கட்டில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. “சார், வேண்டாம் சார், காப்பி இருக்கு, வீட்டுல காப்பி இருக்கு” என்று கத்தினார். காப்பி இருக்கிறது, இனி அடித்துப் பயனில்லை என்று எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகுதான் இரண்டாவது அடியை அவர் தலையில், இடது காதுக்கு மேலே அடித்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளவும். மணி கணீரென்று ஒலித்தது. அவர் நாற்காலியோடு சரிந்தார், படிவமும் நோட்டும் ரத்தத்தில் நனைந்தன.

மூன்றாவது முறை ஓங்கும்போது சம்மட்டி பின்னாலிருந்து என்னை இரண்டு கைகளாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். நான் காலால் அவர் முழங்காலை உதைத்தேன், பின்தலையால் அவர் வாயில் மோதினேன், பல்செட் கழன்று விழுந்தது, முன்கையைச் சதை பிய்யக் கடித்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. விரல்களைக்கூட மடக்கவில்லை, விரித்தே வைத்திருந்தார். “போதும்ணே, மணி அடிச்சாச்சுண்ணே” என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். நான் திமிறியதில் என் நெற்றி பீரோ விளிம்பில் இடித்துக் கிழிந்தது. என் உடம்பில் உள்ள காயம் அது ஒன்றுதான்.

சத்தம் கேட்டு மாடியேறி வந்த காவலாளி, தரையில் கிடந்த டீச்சரையும் ரத்தம் வழிய நின்ற என்னையும் என்னைப் பிடித்திருந்த சம்மட்டியையும் பார்த்துவிட்டு, “அடப்பாவி, மறுபடியும் கொன்னுட்டியாடா!” என்று அலறினார். மருத்துவமனையில் எனக்குத் தையல் போடும்போது ஒரு காவலர் வந்து, “சம்மட்டிதானே ரெண்டு பேரையும் அடிச்சான்?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அதைத்தான் முதல் வாக்குமூலமாக எழுதியிருக்கிறார்கள். டீச்சருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

நேற்று மாலை சம்மட்டியின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசற்படியிலேயே நின்றார். “நீங்க சொன்னதை மாத்தச் சொல்லலண்ணே. அவரு அடிக்கிற ஆளு இல்லைன்னு மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க. அந்தச் சண்டைக்கு அப்புறம் அவரு கையை மடக்கி நான் பார்த்ததில்ல. செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட நான்தான் அடிக்கணும்” என்றார். நடந்ததை அவர் உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். “கேட்டேண்ணே. ‘நான் சொன்னா யாரு நம்புவா, ரிக்கார்டுல அப்படித்தானே இருக்கு’ன்னு சொல்லிட்டாரு” என்றார். அடித்தது நான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். வெட்கத்தில் அழுதேன்.

ஆகவே, டீச்சரை இரண்டு முறை அடித்தவன் நான். சம்மட்டி யாரையும் அடிக்கவில்லை; அவர் பிடித்திருக்காவிட்டால் மூன்றாவது அடியும் விழுந்திருக்கும். தீக்குச்சி வாங்கிய கடைசி முப்பத்தொரு அடிக்கும் நான்தான் பொறுப்பு. இதன் நகல் ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்பி, ரத்தம் பட்டுப்போன அந்தப் படிவத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கடிகாரத்தை நிறுத்திய இடத்தில் மூன்று நிமிடம் என்று இருந்தது. கேட்டதற்கு, “ஒரு ரவுண்டு மூணு நிமிஷம்தானே ஐயா, நானும் டிவியில பார்க்கிறேனே” என்றார். “மூணு நிமிஷம்தான் இருந்திருக்கணும் தம்பி” என்று சொல்லிப் பேனாவை வாங்கி, அதன் குறுக்கே கோடு போட்டு, மேலே நான்கு நிமிடம் ஏழு விநாடி என்று என் கையாலேயே எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்து வைத்தேன். மற்றவை நான் சொன்னபடியே, உண்மையாக எழுதப்பட்டிருக்கின்றன.

(ஒப்பம்)
நேரக்காப்பாளர்