ஜன்னலில் கட்டிய போர்வை

டீ ஆறிவிடும், முதலில் குடி கண்ணு. ஸ்டேஷன் வேலை எங்கே ஓடிவிடப் போகிறது. நானும் ஓடமாட்டேன். சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்டால் போதும்.

மத்தியானத்தில் கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பதென்றால் ஜன்னலுக்குப் போர்வை கட்டவேண்டும். நெய்வேலி வெயிலுக்கு அந்தப் படங்களின் நிழல் தாங்காது. நான் பார்ப்பதெல்லாம் பழைய அமெரிக்கக் கொலைப் படங்கள். இங்கிலீஷ் தெரியாது, முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவேன். பிறகு துணி காயப்போடும் இடத்தில் எங்கள் பிளாக் பெண்களுக்குச் சொல்லுவேன். பக்கத்து வீட்டு அம்சவல்லி ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே, "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று நிற்பாள். பாவம், சோறு குழைந்துபோன நாளெல்லாம் உண்டு.

அந்த நடிகர்களை எனக்குப் பிடிக்கும். தொப்பியும் நீளக் கோட்டுமாக வருவார்கள். முதல் காட்சியிலேயே தோற்றுப்போன முகம். குண்டு பட்டால்கூடக் கத்தமாட்டார்கள். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, 'நான்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் கதையையே ஆரம்பிப்பார்கள். நடிகைகளோ கண் கலங்காமல் புருஷன் சாவுக்கு நாள் குறிப்பார்கள். என் வீட்டுக்காரர் சின்னதுரைக்குச் சிரிப்பாக வரும். "இந்தத் தொப்பிக்காரனுங்கள்ல ஒருத்தனாச்சும் ஷிப்டுக்குப் போறானா பாரு. கோட்டு மாட்டிக்கினு சும்மா சுத்துறானுங்க."

அவர் மைன்ஸில் பர்மனெண்ட். ஜூன் கடைசியில் ரிட்டயர்மெண்ட். எங்கள் ஒரே பிள்ளை சிலம்பரசன் ஒன்பது வருஷமாக அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். கம்மாபுரத்து நிலம் எப்போதோ மைன்ஸுக்குப் போய்விட்டது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸும் போகும். சர்வீஸில் இருக்கும்போதே அப்பன் செத்தால் பிள்ளைக்கு வேலை கேட்கலாம். ரிட்டயர் ஆகிச் செத்தால் மாலை மட்டும்தான். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு நெஞ்சுவலி உண்டு. மாடிப்படி வேகமாக ஏறினால் பிடிக்கும். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தால் விட்டுவிடும். மாத்திரை டப்பா டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கும். மே மாதம் ஒரு திங்கட்கிழமை அதை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது காலை ஷிப்ட் முடிந்து வந்தார். அன்றைக்கு என்னவோ படியை வேகவேகமாக ஏறிய சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு டிவி பக்கம் தடவினார்.

"டப்பா இங்கதானே இருந்துச்சு?"

"படம் முடியட்டுங்க. தேடித் தர்றேன்."

"சரி" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"படம் ஓடும்போது பேசாதீங்க."

அது எங்கள் வீட்டுச் சட்டம். முப்பது வருஷமாக அதற்குக் கட்டுப்பட்டவர் அவர்.

படம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஏழெட்டுமுறை பார்த்த படம்தான். முடிந்ததும் போர்வையை அவிழ்த்து மடித்தேன். டப்பாவை எடுத்து, அரிசி மாவு ஒட்டியிருந்ததைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்தேன். அப்புறம் அம்சவல்லியைக் கூப்பிட்டேன்.

காரியம் முடிந்த அன்று சிலம்பு கேட்டான். "அப்பா உன்கிட்ட சொல்லலியாம்மா? அன்னிக்குக் காலையிலதான் என் பேரு பர்மனெண்ட் லிஸ்ட்டுல வந்துச்சு. நீ போன் பண்ணாதடா, நானே போய் உங்கம்மாகிட்ட சொல்றேன்னு ஓடியாந்தாரு."

படியில் கேட்ட வேகம் அதுதான்.

யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. பெண்கள் இன்னமும் கதை கேட்கிறார்கள். எனக்குத்தான் வாய் வரவில்லை. நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள் கண்ணு. அவர் கடைசியாகச் சொன்னதும் அவன் பெயர்தான். "நம்ம சிலம்புக்கு" என்றது எனக்குத் தெளிவாகவே கேட்டது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.