வீட்டில் பெறுகிறவளுக்கு விடுப்பு எங்கே?

அன்பால் எங்களை ஆண்டு, அதட்டலால் எங்களைத் திருத்தி, ஆசிரியைகள் சங்கத்தின் தலைமை நாற்காலிக்கு அழகு சேர்க்கும் உமையாள் அம்மையார் அவர்களே! புதிதாகப் பொறுப்பேற்று, எங்கள் அழைப்பை மதித்து மேடையேறியிருக்கும் கல்வி அதிகாரி அவர்களே! செக்காலைச் சாலை வெயிலைத் தலையில் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சீதையின் பணிவான வணக்கம்.

விடுப்பு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார் தலைவர். நானோ என் தலைப்பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டும் ஒரே கதைதான், கேளுங்கள்.

அறுபத்தெட்டாம் ஆண்டு. அமராவதிபுதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை. பள்ளிக்கு எதிர்வீடுதான் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. பிறந்த வீடோ திருக்கோஷ்டியூருக்கும் அப்பால். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும் என்பது நம் வழக்கம். என் ஆசையும் அதுதான். அம்மா என்னைப் பெற்ற இடத்தில் நானும் பெற வேண்டும், கண் விழித்தால் அம்மா முகம் தெரிய வேண்டும். அம்மா ஊரில் அரசாங்க நர்ஸம்மா இருந்தார், வருகிறேன் என்று சொல்லியும் விட்டார். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன்.

எழுத்தர் சேதுபதி மேலும் பார்த்தார், கீழும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி டாக்டர் சர்டிபிகேட் எங்க டீச்சர்?"

"வீட்டுல பெறப் போறேங்க. எங்க ஊரு நர்ஸம்மா எழுதிக் குடுத்திருக்காக."

"வீட்டுல பெறுறதுக்கு எதுக்கு டீச்சர் லீவு? வீட்டுலதானே இருக்கப் போறீக?"

சிரிக்கிறீர்கள்! எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நகரத்து டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "இங்க வந்து படுக்கிறவுகளுக்குத்தாம்மா எழுதித் தருவேன். உங்க அம்மா வீட்டுக் கட்டிலுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். நல்ல மனுஷிதான். என்ன செய்ய? நர்ஸம்மா எழுதியதை வைத்தே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. விடுப்பு எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, ஏழாம் மாதத்திலேயே வளைகாப்பை முடித்து அம்மா என்னை அழைத்துப் போய்விட்டாள். தாய்மார்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? வளையல் பூட்டிப் புறப்பட்ட பிள்ளைத்தாய்ச்சி, கையில் பிள்ளையோடுதான் புருஷன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்த பிறகு பதில் வந்தது. விடுப்பு இல்லை!

விடுப்பு இல்லையென்றால் வேலைக்கு வர வேண்டும். வேலைக்கு வந்தாலும் வீட்டுக்குள் போகக் கூடாது. அம்மா ஊரில் பஸ் ஏறி, திருப்பத்தூரில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வேன். என் வீடு எதிரே! என் அடுப்பு எதிரே! என் மனிதர் எதிரே! நான் மட்டும் அயலூர்க்காரியாய்ப் பள்ளி வேப்பமரத்தடியில்!

"சோத்துக்கு என்ன செஞ்சீக?" என்று அங்கே ஒரு தாய் கேட்கிறார். சொல்கிறேன் அம்மா. மாமியார் ஒச்சம்மாள் ஆக்கிக் கொடுப்பார். என் வீட்டுக்காரர் தூக்குச்சட்டியோடு பள்ளி வாசலில் வந்து நிற்பார். பிள்ளை அசைகிறதா என்று கேட்கத்தான் வருவார், ஊர் பார்க்கிறதே என்று, "மோரு புளிக்குதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பகலெல்லாம் அந்த வீட்டுக்கு ஏங்கினேன். பஸ் ஏறினால் அம்மா வீட்டுக்கு ஏங்கினேன். அங்கே போய்ச் சேர்ந்தால் படுக்கத்தான் பொழுது இருந்தது. அம்மா மடியில் தலைவைத்து ஒரு பகல், ஒரே ஒரு பகல் கிடக்க வேண்டும் என்று எப்படி ஏங்கினேன்! அந்த ஏக்கத்துக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் போடுவது?

ஒரு நாள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கையில் வலி கண்டுவிட்டது. அம்மா ஊருக்குப் போக நேரமில்லை. எதிரே மிதிக்கக் கூடாத வாசல். எல்லோரும் தயங்கி நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் என் மாமியார். "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? குத்தம்னா சாமி என்னையக் கேக்கட்டும். தூக்குங்க உள்ள!"

என் மகள் அங்கே பிறந்தாள். சேதி கேட்டு அம்மா ஓடி வந்தாள். பேத்தியை வாங்கி முகர்ந்தாள், என் தலையைத் தடவினாள். யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. "நல்லா இருக்கியா ஆத்தா, அது போதும்" என்றாள். கொஞ்சம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோல், "உள் ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருந்தேன்" என்றாள்.

அடுத்த பிள்ளைக்கு மருத்துவமனையில் பெயர் பதிந்தேன். சான்றிதழ் உடனே வந்தது, விடுப்பும் உடனே வந்தது. போவதற்கு அம்மா இல்லை.

அதிகாரி அவர்களே! மருத்துவமனை வேண்டாம் என்று சொல்ல நான் மேடை ஏறவில்லை. ஆபத்து என்றால் முதல் ஆளாய் அங்கே ஓடுகிறவர்கள் நாங்கள். ஆனால் கேட்கிறேன், கட்டில் மாறினால் வலி மாறுமா? வாசல் மாறினால் வயிறு மாறுமா? எங்கே பெற்றாலும் பெறுகிறவள் உங்கள் ஆசிரியை இல்லையா? பிள்ளையை ஏந்திப் பிடிக்க நர்ஸம்மாவின் கையை நம்புகிற அரசாங்கம், அந்தக் கை எழுதிய காகிதத்தை மட்டும் ஏன் நம்பக் கூடாது?

அதோ, பொன்னுத்தாயி டீச்சர். எழுந்திருக்க வேண்டாம், உட்காரம்மா. வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு வளைகாப்பு. நர்ஸம்மா எழுதியதோடு அவர் விண்ணப்பம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அவரைப் பெற்றவர். காலையிலிருந்து என்னிடம் ஒன்றையே கேட்கிறார்: "டீச்சர், நம்பி எம் மகளைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?" பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

இத்தனை நேரம் கைக்குழந்தைகளையும் அடக்கிவைத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. பெற்றவர்களுக்கும் பெறப் போகிறவர்களுக்கும் என் வணக்கம். அதிகாரி அவர்களே, ஒலிபெருக்கியை உங்களிடம் விட்டுப் போகிறேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.