புள்ளி எங்கே போயிற்று

டீ நன்றாக இருக்கிறது, சார். பெரம்பலூரில் எங்கள் ஆபீஸில் கிடைப்பது வெறும் வெந்நீர்தான்.

நாங்கள் எழுதுவது பிளக்-இன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஓடும் பெரிய மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல்கள். என்னுடையது நிலக்கரித் தொட்டியின் விஷவாயு அளவைப் படித்துச் சொல்லும். எழுத்தாக வரும் அளவை எண்ணாக மாற்ற சி என்ற கணினி மொழியின் நூலகத்திலேயே, அதாவது அதன் பொது நிரல் தொகுப்பிலேயே, ரெடிமேடாக ஒரு ஃபங்ஷன் உண்டு. எல்லோரும் போல நானும் அதைத்தான் கூப்பிட்டேன்.

ஜெயசீலன் எங்கள் டீம் லீடர். ஜெர்மன் இன்ஜினியர்கள் பார்க்கும் ரிப்போர்ட்டுக்காகத் தன் பிளக்-இன்னில் ஒரு வரி சேர்த்தார். அவர்கள் ஊர் வழக்கப்படி தசமப் புள்ளிக்குப் பதில் கமா என்று சொல்லும் வரி. ஆபீஸ் விண்டோஸில் பிளக்-இன் ஒவ்வொன்றுக்கும் தனி நூலகம், பாதிப்பில்லை. ஆலையில் இருப்பது லினக்ஸ். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே நூலகம். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். கமாவை எதிர்பார்க்கும் என் ஃபங்ஷன் புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். 0.8 வந்தால் 0 என்று சொல்லும். ஆளைக் கொல்ல 0.8 சதவீதம் போதும்.

சொன்னேன், சார். எல்லார் முன்னாலும் சிரித்தார். “நீ ஒருத்தன்தான் சி படிச்சவனா? புள்ளி எங்கய்யா போயிடப் போவுது? போய் வேலயப் பாரு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பக்கம் ஒரு வரி மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். அவர் தப்புக்கு நான் ஏன் மாற்ற வேண்டும்?

தொட்டியில் இறங்கி அடைப்பெடுக்க வந்த நல்லதம்பி ஜெயங்கொண்டத்துக்காரர். உயிரோடு இருந்தவரை, என்னைப் பார்த்தால் சாப்பிட்டீங்களா என்று கேட்காமல் போனதில்லை. பிளக்-இன்னைச் சோதிக்க நான் ஆலைக்குப் போயிருந்த அன்று, தொட்டி வாசலில் நின்று கேட்டார்.

“சார், கேஸ் இருக்குதுங்களா? எறங்கட்டுமா?”

கையிலிருந்த திரையைப் பார்த்தேன். “ஜீரோதாங்க. எறங்குங்க.”

நான் பொய் சொல்லவில்லை. திரையில் அதுதான் இருந்தது. சுவரில் மாட்டிய மீட்டரில் 0.8 என்றிருந்தது. அதை மறைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். மயங்கி விழுவார், தூக்கிவிடலாம், அப்போதாவது ஜெயசீலன் வாயடைத்துப்போவார் என்று நினைத்தேன்.

உள்ளே மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டதுமே போன் செய்துவிட்டேன். ஆம்புலன்ஸுக்கு இல்லை, சார், ஜெயசீலனுக்கு. “புள்ளி எங்க போச்சுன்னு இப்ப வந்து பாருங்க” என்றேன்.

அவர் தன் தப்பை ஒத்துக்கொள்ளத்தான் ரொம்ப நேரமாகிவிட்டது.