மூன்று நாள் பிசகு

— ஷெர்லினு, உன் கம்ப்யூட்டருல வருசத்தையும் மாசத்தையும் நாளாக்கி, எங்கூட்டுக்காரரு என்னிக்கு வாராருன்னு மட்டும் சொல்லு சாமி. வாழவந்தி பஸ் வந்துரும்.

— வரட்டுங்க்கா. பொன்னாயியக்காவ உட்டுட்டுப் போயிருமா? ஜெயில்ல என்ன சொன்னாங்க?

— தண்டனையில கழிவெல்லாம் போக ரெண்டு வருசம், ஏழு மாசம், பன்னெண்டு நாளு உள்ள இருக்கோணுமாம். தேதி சொல்ற ஆபீசரு லீவாம்.

— எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டரு கையை மாமா வெட்டுனதுக்கு இத்தனையா! உள்ள போனது என்னிக்கு?

— ரெண்டாயிரத்தி இருவத்தி மூணுல, சுதந்திர தினத்தன்னிக்கு. எஸ்டேட்டுல முட்டாய் குடுத்துட்டிருந்தாங்க.

— எக்செல்லுல போட்டாச்சு. மொத்தம் தொள்ளாயிரத்தி அம்பத்திரெண்டு நாளு. அப்படின்னா... மார்ச்சு இருவத்தி நாலு!

— இருவத்தி நாலா?

— ஏனுங்க்கா மூஞ்சி சுருங்கிருச்சு? மாமாவுக்குக் கோழி அடிக்கோணுமேன்னா?

— இன்னொருக்கா பாரு கண்ணு. பானுவுக்குப் பன்னெண்டாவது கடைசிப் பரீட்சை இருவத்தாறு.

— நல்ல கதையா இருக்கு. அப்பன் வந்தா புள்ள பரீட்சை எழுத மாட்டாளாக்கும்? அடடா... இருங்க, இருங்க. வருசத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு, மாசத்துக்கு முப்பதுன்னு பெருக்கிட்டேன். நடுவுல லீப் வருசம் வந்துச்சு. முப்பத்தொண்ணு வாற மாசமெல்லாம் வேற இருக்குது. தேதியாவே போட்டுப் பாக்கறேன்.

— சீக்கிரம் சாமி.

— தப்புத்தானுங்க்கா. மூணு நாளு தள்ளிப் போவுது. இருவத்தேழுதான் வருவாரு. நொம்ப ஆசையா வந்தீங்க, மன்னிச்சுக்குங்க.

— நெசமாவா? இருவத்தேழா?

— நெசமா. அட, அழுவாதீங்க. இத்தன வருசம் பொறுத்தீங்க, மூணு நாளு பொறுக்க மாட்டீங்களா? இருவத்தேழுன்னு பெருசா பிரிண்டு போட்டுத் தாறேன், ஊட்டுல ஒட்டி வெச்சுக்குங்க.

— பிரிண்டு வேண்டாங்கண்ணு. இருவத்தாறு மத்தியானம் பானு பரீட்சை எழுதிட்டு வெளிய வந்ததும், ரெண்டு பேரும் அப்படியே பஸ் ஏறிருவோம். எந்த ஊருன்னு நீயும் கேக்காத.

— என்னங்க்கா இது? மாமா அந்த ரைட்டரத்தான வெட்டுனாரு? உங்களுக்கு என்ன பயம்?

— எங்கழுத்துக்கு ஓங்குனது சாமி அது. ரைட்டரு குறுக்க கையை நீட்டிட்டாரு.