குரங்குகளுக்குள் இளையவள்

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் என் முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கை சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் நான் காதைக் கொடுத்தேன்.

"அக்கா, குரங்குகளுக்குள்ள நான்தான் உங்களுக்கு மேல."

"அதில எனக்குச் சந்தேகமே இல்லை."

"பகிடி இல்லை. ஆராய்ச்சிக்கெண்டு காட்டில நாள் முழுக்கக் குரங்குகளைத்தானே பார்க்கிறன். தாய்க்குக் கூட்டத்தில என்ன இடமோ, மகள்மாருக்கும் அதுதான். ஆனா கடைசி மகள் வளர்ந்தா அக்காமாருக்கு மேல போயிடுவாள். தாய் அவளின்ட பக்கம்தான் நிப்பா."

"எங்கட வீடும் அப்பிடித்தானே. இதுக்குக் காட்டுக்குப் போகோணுமே?"

அக்காவின் விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. மரமஞ்சள் கொடியிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகூடத்தில் வேலை என்று பேச்சில் தெரிந்தது.

"இந்தச் சாயம் உங்கட கலியாணத்துக்கு முந்திப் போகுமே?"

"மெல்லக் கதையடி. ருவனைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

"உங்களோட சேர்ந்து மரமஞ்சள் அவிக்கிற மனிசனை அம்மா வேண்டாமெண்டுவாவே?"

"சிங்கள ஆளெல்லோ. பயமாக் கிடக்கு. நீதானே மேல, நீயே சொல்லு."

தங்கையின் சிரிப்பு நின்றது. போனை எடுத்து அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒராள் சாப்பிட வாறார். அக்காவோட வேலை செய்யிறவர், ருவன். ஓம், சிங்கள ஆள். ஓம் அம்மா, நீங்க நினைக்கிறது சரிதான்."

பிறகு நெடுநேரம் காதில் போனை வைத்தபடியே இருந்தாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னவாமடி?"

"அவர் மரக்கறி மட்டுமோ, மீன் இறைச்சியும் சாப்பிடுவாரோ எண்டு கேக்கிறா."