விழாத லிஃப்டும் விழுந்த தம்பியும்

கத்தரிக்கோலைக் கையில் ஏந்திக் காத்திருந்து களைத்துப்போன எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! சாவிக்கொத்தை இடுப்பைவிட்டு இறக்காத செயலாளர் அவர்களே! வண்டிகளை வெயிலில் விட்டுவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்தையே வண்ண அரங்கமாக்கித் தந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! நாற்காலி கிடைக்காமல் இருசக்கர வண்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும், நான்காம் மாடியிலிருந்து நடந்தே இறங்கி வந்தவனின் வணக்கம்.

நேற்று செயலாளர் வீட்டுக்கு வந்தார். உங்களுக்குத்தான் நல்ல குரல், வாழ்த்தி ரெண்டு வார்த்தை பேசுங்கள், பழசையெல்லாம் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குரல் நல்ல குரல்தான் ஐயா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாகவே காலம் தள்ளிய குரல். தண்டவாளத்தைக் கடக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்ன குரல். கேட்டது யார்? கையில் குழந்தை, தோளில் மூட்டை, தண்டவாளத்தின் நடுவில் ஒரு மனிதர். நான் கத்துவேன். அவர் நிதானமாக நின்று, தலையைத் தூக்கி, ஒலிபெருக்கியைப் பார்த்து, யாரையோ திட்டுகிறான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடப்பார். கடந்து வந்த கையோடு என் அறை ஜன்னலில் தலையை நீட்டி, "சார், இந்த வண்டியில கடைசிப் பெட்டி பாதுகாப்பா, நடுப்பெட்டி பாதுகாப்பா?" என்று கேட்பார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த மனிதர் இப்போது இந்தக் கட்டடத்தில்தான் குடியிருக்கிறார். ஒரு வீட்டில் இல்லை, எல்லா வீட்டிலும்.

பழசைக் கிளறாமல் எப்படிப் பேசுவது? இந்த லிஃப்டுக்கு இன்று ஏன் திறப்பு விழா? புதிதாக வாங்கினோமா? பழுதாகிப் பழுது பார்த்தோமா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்தூக்கியை நாமே நிறுத்தினோம். நாமே பூட்டினோம். இன்று நாமே ரிப்பன் கட்டித் திறக்கிறோம். இதற்கு வாழ்த்துரை வேறு!

என்ன நடந்தது? ஒரு வீடியோ வந்தது. எந்த ஊர் என்று தெரியாது. எந்த வருடம் என்று தெரியாது. ஒரு லிஃப்ட் அறுந்து விழுகிறது. காலையில் ஒருவர் அனுப்பினார், மாலைக்குள் நம் கட்டடமே பார்த்துவிட்டது. சிலர் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க என்ன ஆகிறது? எங்கோ ஒரு முறை விழுந்த லிஃப்ட், நம் மனதுக்குள் நூறு முறை விழுகிறது. நூறு முறை விழுந்ததைப் பார்த்தவன் எப்படி ஐயா உள்ளே கால் வைப்பான்?

அவசரக் கூட்டம் கூடியது. மூடு என்று முதலில் முழங்கியவர் முதல் மாடிப் பெரியவர். ஐயா, முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள், கோபிக்கக் கூடாது. நீங்கள் அந்த லிஃப்டில் ஏறி நான் பார்த்ததே இல்லை. ஏறாத லிஃப்ட் விழுந்துவிடும் என்று எழுந்து நின்று நடுங்கினீர்கள். நடுங்கிய கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. கைதட்ட வேண்டாம், அவர் ஒருவரைச் சொல்லி மற்றவர் தப்பிக்க வேண்டாம். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, கைபேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு வண்டி ஓட்டி வந்தவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர். வெடிப்பு விழுந்த எரிவாயுக் குழாயை மாற்றாமல் துணி சுற்றி வைத்திருப்பவர் எழுந்து, உயிர் விஷயத்தில் அலட்சியம் கூடாது என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைத்தோம். பார்த்தார், ஏறினார், இறங்கினார். ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற கம்பிகள் தாங்கும், எல்லாம் போனாலும் பிடித்து நிறுத்தத் தனியாக ஏற்பாடு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றார். நாம் என்ன சொன்னோம்? அவன் பொழப்பு அது, அப்படித்தான் சொல்லுவான் என்றோம். விழும் என்று சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்போம்.

சாவி செயலாளர் இடுப்புக்குப் போனது. லிஃப்ட் கதவில் பூட்டு விழுந்தது. அனைவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

என் மனைவியைத் தவிர.

அவளை உங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் பாதி ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இருமுறை மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். முழங்காலில் வலுவில்லை. படி இறங்க முடியாது. கூட்டத்தில் இதைச் சொன்னேன். அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள். உங்கள் மனைவியின் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தானே சார் மூடுகிறோம் என்றார்கள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் பொறுத்தேன். சிறுநீரகத்துக்கு யார் சொல்லிப் பொறுக்க வைப்பது?

அப்போது வந்தார் மூன்றாம் மாடித் தம்பி. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கூட்டத்துக்கே வராதவர். கதவைத் தட்டி, "அக்கா, நாற்காலியில உக்காருங்க, நானும் அண்ணனும் தூக்கிட்டுப் போறோம்" என்றார். உடன் பிறக்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். நாற்காலியின் கீழ்ப்பக்கம் அவர், மேல்பக்கம் நான். மின்தூக்கியை நிறுத்திவிட்டு மனிதத்தூக்கியை ஓட்டினோம் ஐயா.

அந்தப் படிக்கட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது படிக்கட்டா, பண்டக சாலையா? ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்பு அலமாரி. அதன் மேல் பூந்தொட்டி. அதன் பக்கத்தில் பழைய டயர், உடைந்த சைக்கிள், பெயிண்ட் டப்பா. இரண்டாம் மாடித் திருப்பத்தில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. லிஃப்ட் மூடியதும் கட்டடம் முழுக்க அந்தப் படியில்தான் ஏறியது, இறங்கியது, தண்ணீர் கேனைத் தூக்கியது, சிந்தியது. எத்தனை பேர் வழுக்கினோம்? இந்தக் கூட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். வேண்டாம், தூக்கினால் வலிக்கும்.

ஒரு நாள் காலை. அதே இரண்டாம் மாடித் திருப்பம். யாரோ சிந்திய தண்ணீர். தம்பி பின்னோக்கி இறங்கினார், கால் வழுக்கியது. விழும்போது நாற்காலியை விட்டிருந்தால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். விடவில்லை. நாற்காலியைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி முதுகால் சரிந்தார். என் மனைவிக்குக் கையில் ஒரு சிராய்ப்பு. அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. செருப்பு அலமாரியில் தலை இடித்துக் காதருகே கிழிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி இடித்திருந்தால் என்று மருத்துவர் சொல்ல ஆரம்பித்து, தம்பியுடைய மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இதற்குப் பிறகாவது என்ன நினைத்திருப்பீர்கள்? லிஃப்டைத் திறந்திருப்பார்கள் என்றுதானே? தாய்மார்களே, அன்று மாலை இதே இடத்தில் நின்று நம்மவர் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். "படியில விழுந்ததால காலோட போச்சு. இதே லிஃப்டா இருந்தா என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். தலையாட்டினார்கள். ஒருவர் நெஞ்சில் கைவைத்து, நல்லவேளை மூடினோம் என்றார்.

நான் பேச்சையே தொழிலாகக் கொண்டவன். அன்று திரும்பிப் படியேறிப் போய்விட்டேன்.

நாற்காலி தூக்க இனித் தம்பியும் இல்லை. அடுத்த முறைக்கு நான் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்கு அலுவலகம். ஒருவர் உண்மையைச் சொன்னார்: அந்தப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கப் பயமாக இருக்கிறது என்றார். படிக்குப் பயம், லிஃப்டுக்கும் பயம். மனைவி அன்று மருத்துவமனைக்குப் போகவில்லை. மறுநாள் முகம் வீங்கியது. அதற்கு அடுத்த நாள் படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தேன். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவள் என் கைபேசியை வாங்கிச் செயலாளரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என்னால மூச்சு விட முடியல. சாவியோட வாங்க. இல்லன்னா நாற்காலியோட ஒரு பக்கத்தைப் பிடிக்க நீங்களே வாங்க."

வந்தார். குறை சொல்ல மாட்டேன், ஓடித்தான் வந்தார். நாற்காலியைப் பார்த்தார். படியைப் பார்த்தார். அவளுடைய உதட்டின் நிறத்தைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார். நானும் அவளும் உள்ளே ஏறினோம். நீங்களும் வாருங்கள் என்றேன். அவர் வரவில்லை. கதவு மூடியதும் அவர் படியில் தடதடவென்று ஓடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் கீழே வந்து கதவு திறந்து நின்ற பிறகும் அவர் வந்து சேரவில்லை. பிறகு வந்தார், கைப்பிடியைப் பிடித்தபடி, வியர்த்துக் கொட்ட, மூச்சிரைக்க.

"அக்கா, ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

அவளுக்குப் பேச மூச்சில்லை. இருந்தாலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எனக்கு என்ன ஆகும்னு கேக்க, உங்களுக்கு இத்தன நாளாச்சா தம்பி?"

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போதும் குனிந்துதான் இருக்கிறார். நிமிருங்கள் ஐயா, பயந்ததற்காக உங்களை நான் பழிக்கவில்லை. பயம் எனக்கும் உண்டு. இருட்டில் நாய் குரைத்தால் மறுபக்கம் நடப்பவன் நான். ஆனால் பயப்படும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டாமா? இந்தப் பயத்தைச் சுமப்பது யார்? முதல் மாடியின் பயத்தை நான்காம் மாடி சுமந்தது. பார்த்தவர்களின் பயத்தைப் படுத்திருந்தவள் சுமந்தாள். கூட்டத்தின் பயத்தைக் கூட்டத்துக்கே வராத ஒருவர் தன் எலும்பில் சுமந்தார். வராத சாவுக்கு வாசலில் பூட்டுப் போட்டோம். வரக்கூடிய சாவுக்குப் படிக்கட்டில் தண்ணீர் தெளித்து வைத்தோம். இதற்குப் பெயர் பாதுகாப்பா? சொல்லுங்கள், இதற்குப் பெயர் பாதுகாப்பா?

இல்லை என்கிறீர்கள். சத்தமாகவே சொல்கிறீர்கள். மகிழ்ச்சி. அப்படியானால் வீட்டுக்குப் போனதும் செருப்பு அலமாரியை உள்ளே இழுங்கள். இரண்டாம் மாடியில் ஒரு விளக்கைப் போடுங்கள். எரிவாயுக் குழாயை மாற்றுங்கள். தலைக்கவசம் தலைக்கு, கைப்பிடிக்கு அல்ல. இதையெல்லாம் வீடியோ எடுத்து யாரும் அனுப்ப மாட்டார்கள். பார்க்க அவ்வளவு சுவாரசியமாக இருக்காது.

இன்னும் ஒன்று. இன்று காலையில் மட்டும் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாக வந்து, "நீங்க முதல்ல ஏறுங்க சார், நாங்க பாத்துட்டு வரோம்" என்றார்கள். நான் ஏறப்போவதில்லை. யாரும் ஏற வேண்டாம். லிஃப்ட் காலியாகவே மேலே போகட்டும்.

ஏனென்றால் மூன்றாம் மாடியில் ஒருவர் இறங்கக் காத்திருக்கிறார். மருத்துவமனையிலிருந்து அவரைப் படியில்தான் தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து அவர் தரையை மிதிக்கவில்லை, பட்டறையைத் திறக்கவில்லை. மூச்சு முட்டிய அந்த நாளிலிருந்து என் மனைவிக்கு மட்டும் திறக்கிறீர்கள்; அது விழாமல் ஓடுவதைப் பார்த்துத்தான் இன்று எல்லோருக்கும் திறக்கிறீர்கள். அந்த லிஃப்டை அவருக்கும் முன்பே திறக்கக் கேட்டேன். ஒருவருக்குத் திறந்தால் எல்லோரும் கேட்பார்கள், விழா முடியட்டும் என்றீர்கள். நான் மேடையேறும்போதே ஊன்றுகோல்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லிஃப்ட் கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாராம். நான் பேசப் பேச அவர் நின்றுகொண்டிருக்கிறார்.

எனவே நீளமாக நன்றி சொல்ல எனக்கு உரிமையில்லை. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், புண்பட்டும் எழுந்து போகாத முதல் மாடி ஐயாவுக்கும், தாய்மார்களுக்கும், தம்பிமார்களுக்கும் என் நன்றி. தலைவர் அவர்களே, ரிப்பனை வெட்டுங்கள். செயலாளர் அவர்களே, மூன்றாம் எண்ணை அழுத்துங்கள்.

வணக்கம்.